நர்சுகள் மேல் போட்ட பழி

யூ பீ-யுன்னுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். சத்தம் போட மாட்டாள். அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிதானமாக எடுத்து வைப்பாள். தைச்சுங் நகரத்தில், ஏழாவது மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரர்கள் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல எழுந்து நழுவிவிடுவார்கள்.

அந்த நிறுவனம் டயாலிசிஸ் நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடங்கள். வரும்போது என்ன எடை, போகும்போது என்ன எடை, மணிக்கொரு தரம் ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மருந்து எத்தனை என்று நர்சுகள் தட்டுவதெல்லாம் பீ-யுன்னின் பொறுப்பில் இருந்த டேட்டாபேஸில் வந்து விழும். இருபத்து மூன்று வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்றே மூன்று நிலையங்கள்தான். முதலாளி லாயின் மேசைக்கடியில் ஒரே ஒரு கணினி, விசிறி இரைய, கிடக்கும். அவளுக்கு நாற்பத்தைந்து ஆனபோது நாற்பத்தொரு நிலையங்கள் சேர்ந்திருந்தன. இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோயாளியின் ஒரு வரிகூட அவள் கையால் தொலைந்ததில்லை. அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம் அது ஒன்றுதான். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

மேனேஜர் கோ செங்-ஹான் தைப்பேயிலிருந்து வந்தவன். முப்பத்து நாலு வயது. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தேநீர் வாங்கினால் யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு ஐஸ் குறைவு என்று நினைவு வைத்து வாங்குவான். வந்த மூன்றாவது வாரமே பழைய முறையை மாற்ற வேண்டும் என்றான். ஒரே இடத்தில் கிடக்கிற தரவை மூன்று பிரதியாக்கி, மூன்றும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்டு ஓடும்படி செய்ய வேண்டும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் வேலையை விடாமல் பார்த்துக்கொள்ளும். பீ-யுன்னுக்கு இதில் ஆட்சேபம் ஏதும் இல்லை. அவளே நாலு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மூன்றையும் கன்டெய்னர்களில் போட்டு ஓட்டலாம் என்று அவன் சொன்ன இடத்தில்தான் சண்டை தொடங்கியது.

கன்டெய்னர் என்பது மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு கட்டி வைத்த பெட்டி. எந்த சர்வரில் இடம் இருக்கிறதோ அந்த சர்வரில் அந்தப் பெட்டியை இறக்கி வைக்க, மேலே ஒரு மேற்பார்வை நிரல் இருக்கும். சர்வரைக் காலி செய்யச் சொன்னால் அது இங்கே இருக்கிற பெட்டியைக் கலைத்துவிட்டு அதேபோல் ஒன்றை வேறு இடத்தில் புதிதாகக் கட்டும். கணக்குப் போடுகிற, படம் காட்டுகிற நிரல்களுக்கு இது சொர்க்கம். டேட்டாபேஸுக்கு அப்படி இல்லை. பெட்டிக்குள்ளேயே தரவை வைத்திருந்தால் பெட்டி கலையும்போது தரவும் போய்விடும். தரவுக்கு வெளியே தனி வட்டு வேண்டும். மூன்று பெட்டியும் மூன்று வெவ்வேறு சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று மேற்பார்வை நிரலுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றையும் ஒரே இடத்தில் இறக்கினாலும் இறக்கும்.

கோ வெளியிலிருந்து கூட்டி வந்த ஒப்பந்தக்காரர்கள் இந்த இரண்டையுமே செய்யவில்லை. வெளி வட்டு வேகம் குறைவு, செயல்விளக்கத்தின்போது திரை மெதுவாக நகரும் என்றார்கள். பீ-யுன் இரண்டு குறையையும் ஒரு பக்கத்தில் எழுதி, லாய் இருந்த கூட்டங்களில் மூன்று முறை கொடுத்தாள். முதல் முறை, இது சோதனைக்குத்தானே என்றார்கள். இரண்டாவது முறை, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவது முறை கூட்டத்தில் அவள் வாயைத் திறந்ததுமே கோ சிரித்துக்கொண்டே, "அக்காவுக்கு இன்னும் மேசைக்கடியில ஒரு மிஷின் இருந்தாத்தான் தூக்கம் வரும்போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி லாயும் சிரித்தார்.

மார்ச் மாதம் சோதனைக்கு வைத்திருந்ததே உண்மையான அமைப்பாகிவிட்டது. ஏற்புப் படிவத்தில் டேட்டாபேஸ் பொறுப்பாளர் என்ற கட்டத்தில் பீ-யுன் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சளிக் காய்ச்சல். மூன்று மாதம் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே தன் குரல் அலுத்துப்போயிருந்தது. போட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, ஐந்து சர்வர்களிலும் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சர்வர்களை ஒவ்வொன்றாகக் காலி செய்து, புதுப்பித்து, திரும்பச் சேர்க்க வேண்டும். குறைகளைத் திருத்த விடவில்லை என்பதால் பீ-யுன் தனக்குத் தானே ஒரு விதி வைத்திருந்தாள். ஒரு சர்வரைக் காலி செய்ததும் அதிலிருந்த பெட்டி வேறிடத்தில் வெறும் பெட்டியாகத்தான் எழுந்திருக்கும். மற்ற இரண்டிலிருந்தும் தரவை அது முழுக்க நகல் எடுத்துக்கொள்ள நாற்பது நிமிடம் பிடிக்கும். அது முடிகிறவரை அடுத்த சர்வரைத் தொடக் கூடாது. பத்தரைக்கு முதல் சர்வரைக் காலி செய்துவிட்டுக் காத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு கோ வந்து நிலவரம் கேட்டான். பன்னிரண்டு மணிக்குத் தைப்பேயிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், திரையில் ஐந்துக்கும் பச்சை விளக்கு எரிந்தால் நன்றாக இருக்கும் என்றான். அதற்குள் இரண்டுதான் முடியும் என்று சொல்லிவிட்டு அவள் கழிப்பறைக்குப் போனாள். அவளுக்கு இருந்த அனுமதி எல்லாம் அவனுக்கும் இருந்தது. மார்ச்சில் அவன் கேட்டபோது கொடுத்தவளும் அவள்தான்.

அவள் திரும்பி வரும்போது மீதி நாலு சர்வர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்யும் கட்டளை ஓடி முடிந்திருந்தது. முதல் பெட்டி இன்னும் நகல் எடுத்து முடிக்கவில்லை. அதற்குள் இரண்டாவது கலைந்தது. மூன்றாவதும் கலைந்தது. குறை நகலோடு நின்ற முதல் பெட்டியையும் மறுபடி தூக்கி வேறிடத்தில் வெறுமையாக வைத்துவிட்டது நிரல். யாரிடமும் பழைய தரவு இல்லை என்று கண்டால் புதிதாக ஆரம்பித்துக்கொள்ளும்படி ஒப்பந்தக்காரர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அது அப்படியே ஆரம்பித்துக்கொண்டது.

பீ-யுன் திரையைப் பார்த்தாள். மூன்று பெட்டி, மூன்று பச்சை விளக்கு, எல்லாம் நலம் என்று போட்டிருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பூஜ்யம்.

"என்ன செஞ்சீங்க மேனேஜர்?" என்று கேட்டாள். அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். அவனுக்கு முதலில் காதில் விழவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்கு எடுத்து வைத்த காப்புப் பிரதி ஒன்று இருந்தது. அதை வேறு கட்டடத்தில் வைப்பது அவளுடைய பழைய பழக்கம்; யாரும் கேட்டு வைத்ததில்லை. அதிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு எடுக்க மதியம் ஒன்றரை மணியாகிவிட்டது. தினமும் மதியம் எல்லாரும் விளக்கை அணைத்து மேசையில் தலை சாய்த்துக் கண்ணயர்கிற ஒரு மணி நேரத்தில் அன்றைக்கு யாரும் தலை சாய்க்கவில்லை. விருந்தினர்களை கோ கீழே சாப்பிட அழைத்துப் போய்விட்டான். ஐந்து மணிக்குப் பிறகு நர்சுகள் தட்டியதெல்லாம் போனது போனதுதான். நாற்பத்தொரு நிலையத்திலும் காலைப் பிரிவு நோயாளிகள், தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர்.

பக்கத்து மேசை பெய்-ரோங், சர்வர் அறையில் அலமாரி மேல் வைத்திருக்கும் பச்சை நிற தேங்காய்ப் பொரிப் பொட்டலத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பொட்டலம் இருந்தால் சர்வர்கள் சொன்ன பேச்சு கேட்கும் என்று ஊரிலுள்ள எல்லா அலுவலகத்திலும் வைப்பார்கள்; தேதி தாண்டினால் பலிக்காதாம். "அதான்க்கா. நாமதான் மாத்தாம விட்டுட்டோம்" என்றாள் பெய்-ரோங், பாதி விளையாட்டாக. இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கூடத்தில் குற்றம் சாட்டப்பட்டது அந்தப் பொரிப் பொட்டலம் ஒன்றுதான். பீ-யுன் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் நாற்பத்தொரு நிலையங்களுக்கும் கோவின் கடிதம் போனது. பீ-யுன்னுக்குக் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை, நகரத்தின் தாலி என்ற பகுதியில் இருந்த நிலையத்தின் தலைமை நர்ஸ் ஜுவாங் லி-சூ தொலைபேசியில் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இருவருக்கும் பதினைந்து வருடமாகக் குரலால் மட்டும் பழக்கம்.

"ஏம்மா பீ-யுன், நாங்க சேவ் பண்ணலையா?" என்று ஆரம்பித்தாள் ஜுவாங். "உங்க கடிதத்துல அப்படித்தானே போட்டிருக்கு? ஒவ்வொரு பதிவுக்கும் அப்புறம் சேமிக்கிற பொத்தானை அழுத்தணுமாம். முப்பது வருஷமா ஊசி போடுறேன். எனக்குப் பொத்தான் அழுத்தத் தெரியாதா?"

பீ-யுன் ஒன்றும் புரியாமல் நின்றாள். ஜுவாங் விடவில்லை. புதன்கிழமை மதியம் எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் எழுந்து நடக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தாராம். டாக்டர் வந்து காலை அளவு என்ன என்று கேட்டிருக்கிறார். திரையில் ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக அவரைக் கவனித்த நர்சுக்கு நாலு அளவும் மனதில் இருந்திருக்கிறது. அவர் தேறிவிட்டார். ஆனால் இந்தக் கடிதம் வந்த பிறகு அதே நர்ஸைத்தான் டாக்டர் கூப்பிட்டு, அவளுடைய கவனக்குறைவு என்று அவளையே விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள்.

பீ-யுன் தொலைபேசியை வைத்தாள். அவள் அப்பா ஃபெங்யுவானில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். வேகம் போதவில்லை என்று மேஸ்திரி இயந்திரத்தில் கை படாமல் காக்கிற தடுப்புத் தகட்டைக் கழற்றச் சொன்ன வாரத்தில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவு என்று அவர்களே எழுதிக் கொண்டுவந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு அப்பா அதில் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை வைத்தார். பன்னிரண்டு வயதில் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. இப்போது அந்தக் காகிதத்தின் வாசகம் அவளுக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது.

நேரே கோவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நர்சுங்க சேமிக்கலைன்னு எழுதினது யாரு?"

"உட்காருங்கக்கா. அது ஒரு பொதுவான வாசகம். 'சில இடங்களில்'னுதான் போட்டிருக்கு."

"எந்த இடத்துல?"

அவன் பேச்சை மாற்றினான். நிலையங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம், அவை விலகி நாலு பேர் வேலை போனால் அவளுக்குச் சந்தோஷமா என்று கேட்டான். ஒரு நர்ஸ் ஒரு விளக்கம் எழுதித் தருவது பெரிய விஷயமில்லை, இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள் என்றான்.

"பட்டனைத் தட்டினது நீங்க. பெட்டிக்குள்ள தரவை வெச்சது உங்க ஆளுங்க. பழி மட்டும் ஊசி போடுறவங்களுக்கா?"

கோவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். மார்ச் மாதத்து ஏற்புப் படிவம்.

"இது உங்க கையெழுத்துதானேக்கா?"

அவள் கையெழுத்துதான். காய்ச்சலில் போட்டதால் கடைசி எழுத்து கீழே சரிந்திருந்தது. அவளுக்கு அப்போது கோவின் மேல் இருந்த கோபம் முழுவதும் அப்படியே திரும்பித் தன் மேல் வந்தது. கன்னம் எரிந்தது. வெளியே வந்தாள்.

தன் இடத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தாள். நர்சுகள் பொத்தானை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் எந்த நிலையம், என்ன நேரம் என்று தனியாக ஒரு கோப்பில் வரி விழும். பதிவின் உள்ளடக்கம் அதில் இருக்காது. அழுத்தியதற்குச் சாட்சி மட்டும் இருக்கும். அந்தக் கோப்பு பெட்டிகளுக்கு வெளியே இருந்தது. புதன்கிழமை காலை ஆறரையிலிருந்து பதினொரு மணி ஆறு நிமிடம் வரை, ஒன்று தப்பாமல் எல்லா நிலையத்திலும் சேமித்திருந்தார்கள். தாலி நிலையத்தின் பக்கங்களை அச்செடுத்துப் பையில் வைத்தாள். மற்றவர்கள் விளக்கணைத்துத் தலை சாய்த்த நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஜுவாங் லி-சூ அவள் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். பிரிவு மாறுகிற நேரம். பின்பக்கம் கையுறை அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடுக்கில் நின்றே பேசினார்கள். பீ-யுன் எதையும் மறைக்கவில்லை. பெட்டி எப்படிக் கலைந்தது, யார் கட்டளை கொடுத்தது, மார்ச்சுக்கு முன் தான் என்ன எழுதிக் கொடுத்தாள், பிறகு எதில் கையெழுத்துப் போட்டாள் என்று எல்லாம் சொன்னாள். ஜுவாங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

நன்றி சொல்வாள் என்று பீ-யுன் எதிர்பார்த்தாளோ என்னவோ. ஜுவாங் நிமிர்ந்து, "அப்ப மார்ச்லயே உனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டே."

"போட்டேன்."

"அந்தத் தாத்தா விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா, இந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்கும் போயிருப்பியா?"

ஜுவாங் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு நோயாளியின் இயந்திரம் கூவியது, ஓடிவிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் பீ-யுன் பேசவில்லை. கணவன் ஜுங்-சிங் இரண்டு முறை என்னவென்று கேட்டுப் பார்த்துவிட்டு நூடுல்ஸ் வாங்க வெளியே போய்விட்டான். திங்கட்கிழமைக்குள் அந்தத் தாள்களின் படம் தலைமை நர்சுகளின் அலைபேசிக் குழுவில் சுற்றி நாற்பத்தொரு நிலையத்துக்கும் போயிருந்தது. காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பத்து மணிக்கு முதலாளி லாய் அவளை அழைத்தார். கோவும் இருந்தான்.

லாய்க்கு அறுபத்தெட்டு வயது. அவர் கத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட இடத்தை இப்படிச் சந்தியில் நிறுத்தலாமா என்று வருத்தமாகக் கேட்டார். முதலில் தன்னிடம் வந்திருக்கலாமே என்றார்.

"மூணு தரம் உங்க முன்னாடிதான் சொன்னேன் முதலாளி" என்றாள் பீ-யுன். "மூணாவது தரம் நீங்க சிரிச்சீங்க."

லாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சரி செய்ய என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டார். சரி செய்வது இருக்கட்டும், முதலில் நர்சுகள் மேல் தவறு இல்லை என்று கடிதம் போக வேண்டும், அதில் தாலியில் அழுத அந்த நர்ஸின் நிலையத்தின் பெயரும் இருக்க வேண்டும் என்றாள். கடிதம் போனது. நிறுவனத்தின் தொழில்நுட்பக் குறைபாடு என்று எழுதினார்கள். யாருடைய குறைபாடு என்று எழுதவில்லை. தாலி டாக்டர் விளக்கத் தாளைக் கிழித்துப் போட்டார் என்று கேள்வி. கோ தைப்பேக்குப் போகவில்லை, பதவி இறங்கவில்லை, அதே அறையில் இருந்தான்.

பீ-யுன் வேலையில் இறங்கினாள். தரவைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளி வட்டுகளுக்கு மாற்றினாள். மூன்று பெட்டியும் மூன்று சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று எழுதினாள். இரண்டு பிரதியாவது முழுமையாக இல்லாதவரை யார் கட்டளை கொடுத்தாலும் அடுத்த சர்வர் காலியாகாதபடி ஒரு பூட்டுப் போட்டாள். எழுதியது மொத்தம் முப்பது வரிகூட வராது. ஒரு மதியம் போதுமாக இருந்தது. தரவை நகர்த்தி முடிக்க இன்னும் இரண்டு நாள்.

ஜூலை மாதம் ஒரு நண்பகலில் சோதனை. லாய் வந்து நின்றார், கோ நின்றான், பெய்-ரோங் புதிதாக வாங்கிய பச்சைப் பொட்டலத்தோடு நின்றாள். தாலி நிலையத்தில் ஜுவாங் ஒரு சோதனை நோயாளியின் பெயரில் அளவுகளைத் தட்டிக்கொண்டே தொலைபேசியில் இருந்தாள். பீ-யுன் ஒரு பிரதி ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது சர்வரின் மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். விசிறி அடங்கியது. லாய் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"நூத்தி முப்பத்தெட்டு, எழுபத்தாறு" என்றது தொலைபேசியில் ஜுவாங்கின் குரல். "பதிவு ஏறிடுச்சு. என்ன, நிறுத்திட்டியா இல்லையா?"

"நிறுத்திட்டேன்" என்றாள் பீ-யுன்.

"அப்படியா. எனக்கு ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டு ஜுவாங் வைத்துவிட்டாள்.

லாய் கை தட்டினார். கோவும் தட்டினான். இனிமேல் இந்தப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று லாய் அங்கேயே அறிவித்தார். பீ-யுன் கம்பியைத் திரும்பச் செருகினாள், சர்வர் எழுந்து விடுபட்டதை நகல் எடுத்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு மேசைக்கு வந்து ராஜினாமாப் படிவத்தை நிரப்பினாள்.

வீட்டில் ஜுங்-சிங்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சுது? பதவியும் குடுத்தாங்க. இப்ப போய் எதுக்கு?"

"நல்லா முடிஞ்சதுதான் எனக்கு எரியுது" என்றாள். "முப்பது வரி. ஒரு மத்தியானம். மார்ச்ல அந்த ஒரு மத்தியானத்தை எனக்குக் குடுக்கலை. இப்ப கை தட்டுறாங்க."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.

ராஜினாமாப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. சொந்தக் காரணங்கள் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். பீ-யுன் எழுதியிருந்தது: 'மூன்று முறை எழுத்தில் எச்சரித்தும் திருத்த அனுமதிக்கவில்லை. தவறு நடந்தபின் பழியை நர்சுகள் மேல் போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டது என் தவறு.' பணியாளர் பிரிவுப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை வந்தாள். வேறு தாள் தருவதாகவும், ஒரு வரியாக மாற்றிக் கொடுத்தால் போதும் என்றும் கெஞ்சினாள். லாயும் ஒரு முறை ஆள் அனுப்பிப் பார்த்தார். பீ-யுன் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளையே திருப்பிக் கொடுத்தாள். பதினைந்து நாள் அது அந்தப் பெண்ணின் மேசையில் கிடந்தது. பதினாறாம் நாள் வேறு வழியில்லாமல் அதன்மேலேயே சிவப்பு முத்திரையைக் குத்தினார்கள்.